ரிசர்விஸ்ட் முடிந்த பிறகு ஏறும் எடை: ஊருக்கு எவ்வளவு பங்கு, ஓட்டத்துக்கு எவ்வளவு பங்கு?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 44, உயரம் 1.72 மீட்டர். ஓஆர்டி ஆனபோது, அதாவது முழுநேரத் தேசிய சேவை முடிந்து வெளியே வந்தபோது, 71 கிலோ இருந்தீர்கள். அதன் பிறகு அவ்வப்போது படைக்கு அழைக்கப்படும் ரிசர்விஸ்ட் கடமையும் முடிந்து நான்கு வருடம் ஆகிறது, இப்போது 86 கிலோ. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடையே உடல்பருமன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது என்று எங்கோ படித்துவிட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பட்டாளத்தில் ஓடியாடியவர்களுக்கே ஏன் இப்படி? அங்கே ஊரைப் பொறுத்து மாறுகிறதென்றால், ஒரு மணி நேரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடக்கூடிய சிங்கப்பூரில் ஊருக்கு என்ன பங்கு? பழையபடி வாரம் மூன்று நாள் 2.4 கிலோமீட்டர் ஓடினால் போதுமா? கூடவே, படி இறங்கும்போது வலது முழங்கால் குத்துகிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேல் படையில் உடற்பயிற்சி பயிற்றுநராக இருந்தவன். இப்போது சமூக மன்றத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தருகிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் வருகிற ஆய்வுகளை விடாமல் படிக்கிறேன், ஏனென்றால் நான் பயிற்சி கொடுத்த பையன்கள்தான் இப்போது சர்க்கரை மாத்திரையோடு என் வகுப்புக்கு வருகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாளம் நம் உடம்புக்குக் கொடுத்தது ஒரு கால அட்டவணை. எப்போது எழ வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று நமக்காக வேறொருவர் முடிவு செய்தார். அந்த அட்டவணை போனதும் எடை ஏறுகிறது. அதன் பிறகு அந்த வேலையை நாம் வாழும் இடம் எடுத்துக்கொள்கிறது: ஊர், தொழில், வீட்டைச் சுற்றியிருக்கும் பத்து நிமிட நடைத் தூரம். வாரம் மூன்று ஓட்டம் உங்கள் எடையை அதிகம் குறைக்காது. ஆனால் உங்கள் ஆயுளைக் காக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் ஆறாவது வாரத்தில் தராசைப் பார்த்துவிட்டு ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதைத்தான் நீங்கள் செய்யக்கூடாது என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரிசர்விஸ்ட்காரர்களை முகாமுக்கு அழைத்து நடத்தும் ஒரு இன்-கேம்ப் பயிற்சியின் முதல் நாள் காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. 36 வயது இருக்கும் ஒருவர், கழிவறைக் கண்ணாடி முன் நின்று மூச்சை உள்ளே இழுத்து நம்பர் ஃபோர் சீருடைக் கால்சட்டையின் இடுப்புப் பொத்தானை மாட்டினார். குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டினார். பொத்தான் தெறித்து முகம் கழுவும் தொட்டிக்குள் விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, தண்ணீர் போகும் ஓட்டையில் நின்றது. "சார்ஜன், போன தடவை இதே பேண்ட்தான் போட்டேன்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. இரண்டு அழைப்புக்கும் நடுவே ஒன்றரை வருடம் போயிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் அவர் டாக்சி ஓட்ட ஆரம்பித்திருந்தார்.

கால்சட்டை அளவை நான் சும்மா சொல்லவில்லை. உடல் உழைப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜெரி மோரிஸ். லண்டனின் இரண்டு மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குவார், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 படிகள். 1953-ல் மோரிஸ் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதயநோய் அதிகம். ஓட்டுநர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதனால்தான் என்று சிலர் கேட்டார்கள். மோரிஸ் சீருடை தைத்துக் கொடுத்த பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 1956-ல் வந்த அந்தக் கணக்குப்படி ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லியோ பருமனோ, ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டாலும் நடத்துநர்தான் திடீர் மாரடைப்பிலிருந்து கூடுதலாகத் தப்பித்தார். எடை ஒரு கதை, அசைவு இன்னொரு கதை. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இனி முதல் கேள்வி. படையில் இருந்தவர்களுக்கு ஏன்?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுகிறவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள் அல்லது பருமனானவர்கள். அந்தத் துறையே சொல்லும் கணக்கு இது. பருமன் என்று மட்டும் எடுத்தாலே ஐந்தில் இரண்டு பேர். வேடிக்கை என்னவென்றால் இவர்கள் ஒரு காலத்தில் உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றுபோன பிறகு விரும்பி வருகிறவர்களை மட்டும், அதிலும் உடம்பு சரியாக உள்ளவர்களை மட்டும் எடுக்கும் படை அது. அப்படித் தொடங்கியவர்களிடம் எடை எப்போது ஏறுகிறது என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள், சேவையை விட்டு வெளியேறும் காலத்தை ஒட்டித்தான் ஏற்றம் மிக வேகம் என்று காட்டுகின்றன. முப்பது வருடம் கழித்து இல்லை, வெளியேறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள சில ஆண்டுகளில்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். உழைப்பு பாதியாகிறது, சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கிறது. பிஎம்டி என்ற அடிப்படை ராணுவப் பயிற்சியில் கற்றுக்கொண்ட சாப்பிடும் வேகம் வேறு போவதில்லை. பயிற்சி முகாம் இருக்கும் தேக்கோங் தீவில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று, உட்கார்ந்து, விழுங்கி, எழுந்து ஓடிய பழக்கம் நாற்பது வயதிலும் பலரிடம் அப்படியே இருப்பதை நான் பார்க்கிறேன். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிவதற்குள் தட்டு காலி. இதற்கு மேல் முழங்கால், முதுகு, கணுக்கால் காயங்கள். வலி இருப்பவர் நடக்க மாட்டார், நடக்காதவருக்கு எடை ஏறும், எடை ஏறினால் வலி கூடும். போருக்குப் போனவர்களுக்கு மனக்காயமும் சேர்கிறது. தூக்கமின்மையும் அச்சமும் எடையோடு நெருங்கிய தொடர்புள்ளவை. இந்தக் கடைசிக் காரணம் அமெரிக்காவில் பெரிது, நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. அங்குள்ள எண்ணிக்கையை அப்படியே இங்கே தூக்கி வைக்கக்கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே முன்னாள் படைவீரர் என்பது மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதி. நம் ஊரில் 1967-ல் தேசிய சேவை தொடங்கியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதை முடித்திருக்கிறார்கள். இங்கே படித்து வளர்ந்த ஆண் என்றால் ஏறக்குறைய எல்லோருமே முன்னாள் படைவீரர்தான். அதனால் படைவீரரையும் மற்றவரையும் ஒப்பிடும் கேள்விக்கே இங்கு இடமில்லை. நம் ஆண்களின் உடல்நிலை எதுவோ அதுதான் நம் முன்னாள் படைவீரரின் உடல்நிலை.

நமக்கென்று ஒரு தனிப் பழக்கமும் இருக்கிறது. ஐபிபிடி என்ற உடல்தகுதித் தேர்வுக்கான காலக்கெடு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரை. பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டு, பிறந்தநாளுக்கு முந்திய மாதம் மட்டும் இரவில் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி ஓடுகிறவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பரிசுத் தொகை, ஊக்கத்தொகைக்குரிய தேர்ச்சிக்கு 200 சிங்கப்பூர் டாலர், வெள்ளித் தரத்துக்கு 300, தங்கத்துக்கு 500 என்று இருப்பது நல்லதுதான், ஆளை ஓட வைக்கிறது. ஆனால் உடம்பு ஒரு மாதத்துக்கு ஓடுகிறது, பதினோரு மாதத்துக்கு மறந்துவிடுகிறது. உங்களுக்கு 40 வயதோடு அந்த ஒரு மாதமும் போய்விட்டது. உங்கள் 15 கிலோவில் கடைசிப் பகுதி எப்போது ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி ஐபிபிடிக்குப் பிறகாகத்தான் இருக்கும்.

ஊர் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பருமன் வரைபடத்தைப் பார்த்தால் தெற்கும் நடுமேற்கும் அடர்ந்த நிறத்தில் இருக்கும். 2022 கணக்கில் மேற்கு வர்ஜீனியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் பருமனானவர்கள், கொலராடோவில் ஏறத்தாழ 25 விழுக்காடு. இது எல்லா மக்களுக்குமான கணக்கு. 2011-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் நீரிழிவு அதிகமுள்ள 15 மாநிலங்களின் 644 மாவட்டங்களை ஒன்றாகச் சேர்த்து "நீரிழிவு வளையம்" என்றே பெயரிட்டது. பெரும்பாலும் தென்பகுதி. படையிலிருந்து விடுபட்டவர் அந்த ஊருக்குத்தான் திரும்பிப் போகிறார். சேவையில் இருந்தபோது டெக்சாஸ்காரரும் கொலராடோக்காரரும் ஒரே மைதானத்தில் ஒரே தூரம் ஓடினார்கள். வெளியே வந்ததும் ஒருவர் எங்கே போனாலும் கார் எடுக்க வேண்டிய ஊருக்கும், இன்னொருவர் மலையேற்றம் பொழுதுபோக்காக இருக்கிற ஊருக்கும் போகிறார்கள். முன்னாள் படைவீரர் நலத் துறையில் பதிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நாட்டுப்புறத்தில் இருக்கிறார். அங்கிருந்து மருத்துவமனைக்கு மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும். எடைக் குறைப்புக்காக அத்துறை 2006-ல் நாடு முழுக்கத் தொடங்கிய "மூவ்" திட்டத்தில், நேரில் வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி வழியாகவும் வகுப்பு நடத்த வேண்டி வந்ததற்கு இந்தத் தூரம்தான் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். "பக்கத்தில் துரித உணவுக் கடை, தொலைவில் காய்கறிக் கடை, அதனால் குண்டாகிறார்கள்" என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். இதைச் சோதிக்க, நகரங்களில் வாழும் ஏறத்தாழ 17 லட்சம் முன்னாள் படைவீரர்களை 2009 முதல் 2014 வரை தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுப் பக்கம் கடை வந்தால், போனால், எடை மாறுகிறதா? மாறவில்லை. கடை எவ்வளவு பக்கம் என்பதற்கும் எடை மாற்றத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. நான் இதைப் படித்தபோது இரண்டு நாள் யோசித்தேன். ஊருக்குப் பங்கு இருக்கிறது என்று மாநில வரைபடம் சொல்கிறது. கடைத் தூரம் காரணம் இல்லை என்று இந்த ஆய்வு சொல்கிறது. என் முடிவு இது: ஊர் வேலை செய்வது ஒரு கடை வழியாக இல்லை. வருமானம், தொழில், பயண நேரம், எந்த உணவோடு வளர்ந்தோம், பக்கத்து வீட்டார் சாயங்காலம் என்ன செய்கிறார்கள் என்று எல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்கு ஒரு வடிவம் கொடுக்கின்றன. அந்த வடிவம்தான் எடையாக மாறுகிறது.

என் உறவிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நிறைய. என் பெரியப்பா மகன்கள் இருவர் இந்திய ராணுவத்தில் இருந்துவிட்டு ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றார்கள். மூத்தவர் ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இளையவர் சென்னையில் ஒரு வங்கி வாசலில் காவல் வேலைக்குப் போனார், பன்னிரண்டு மணி நேரம் நாற்காலி. ஒரே அம்மா சமையலில் வளர்ந்தவர்கள், ஒரே மாதிரி பயிற்சி. பத்து வருடத்தில் இளைய அண்ணனுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் வலி மூன்றும் வந்துவிட்டன. மூத்தவர் இன்றும் வரப்பில் நடக்கிறார். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வரைபடத்தில் பார்ப்பதை ஒரே வீட்டில் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

அப்படியென்றால் சிங்கப்பூரில்? ஜூரோங்குக்கும் தெம்பனிசுக்கும் நடுவே அமெரிக்க மாநிலங்கள் மாதிரி வேறுபாட்டைத் தேட வேண்டாம். எங்கே வீடு எடுத்தாலும் எம்ஆர்டி ரயில் உண்டு, உணவங்காடி உண்டு, பலதுறை மருந்தகம் உண்டு, நடக்கப் பாதை உண்டு. பூங்கா இணைப்புப் பாதைகள் மட்டும் 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. இங்கே வேறுபாடு வட்டாரத்தில் இல்லை, நாளின் வடிவத்தில் இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டுகிறவரின் சிங்கப்பூர் ஒன்று, தாதியின் சிங்கப்பூர் வேறு, கப்பல் பட்டறைக்காரரின் சிங்கப்பூர் இன்னொன்று. மூவரும் ஒரே புளோக்கில் இருக்கலாம். நீங்கள் என்ன வேலை என்று எழுதவில்லை. ஆனால் உங்கள் கைப்பேசியில் அடிகளின் எண்ணிக்கை இருக்கும். ஒரு வேலை நாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துப் பாருங்கள், உங்கள் சிங்கப்பூர் எது என்று தெரிந்துவிடும்.

படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்றாம் மாடி, ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி என்று நிற்கும். மிச்சத்துக்கு நடக்க வேண்டும். 2001-ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் அதை மாற்றியது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அது பெரிய விடுதலை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாம் ஏறிக்கொண்டிருந்த படிகளும் அன்றோடு நம் நாளிலிருந்து போய்விட்டன. யாரும் அதை முடிவு செய்யவில்லை, தானாக நடந்தது.

ஊரைவிட நம்மைப் பிரிப்பது இன்னொன்று, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலுக்கே பயனில்லை. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் பருமனானவர்கள் சீனர்களில் 7.9 விழுக்காடு, இந்தியர்களில் 16.9, மலாய்க்காரர்களில் 24. ஆனால் நீரிழிவைப் பாருங்கள்: சீனர்களில் 9.7, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2. எடையில் நாம் நடுவில், சர்க்கரையில் முதலில். காரணம், அதே எடையில் நம் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையைக் கணிக்கும் குறியீடு) 23-லிருந்தே அபாயம் கூடுகிறது, 27.5-ல் அதிக அபாயம் என்று கூடுதல் எல்லைகளைக் குறித்தது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஓஆர்டியின்போது 24, இப்போது 29. அமெரிக்க அட்டவணைப்படி நீங்கள் இன்னும் பருமன் என்ற கோட்டைத் தொடவில்லை. நம் அட்டவணைப்படி அதிக அபாயத்துக்குள் வந்துவிட்டீர்கள். அமெரிக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு "நான் அவ்வளவு மோசமில்லை" என்று நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இன்று இரவே ஒரு அளவு நாடாவை எடுத்து, மூச்சை வெளியே விட்டபின் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், தராசு சொல்வதைவிட அது முக்கியம்.

இப்போது ஓட்டம். 86 கிலோ உள்ளவர் 2.4 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். வாரம் மூன்று நாள் என்றால் 600. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. சாப்பாட்டில் ஒரு கவளம்கூட மாறாமல் இருந்தாலும் ஒரு கிலோ குறைய பன்னிரண்டு பதின்மூன்று வாரம் ஆகும். ஒரு பிளேன் பரோட்டா 200 கலோரிக்கும் மேல். ஓடி முடித்ததும் நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு பரோட்டா, ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு தேத்தாரே (இனிப்பான பால் தேநீர்) என்று சாப்பிட்டால் அந்த வாரத்தின் ஓட்டம் அங்கேயே முடிந்தது. ஐபிபிடி முடிந்த சனிக்கிழமைகளில் நானே பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கும்.

அப்படியானால் ஓடுவானேன்? இதற்கான பதிலைக் கொடுத்ததே முன்னாள் படைவீரர்கள்தான். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ படைவீரர் மருத்துவமனையில் ஜானதன் மையர்ஸும் அவர் குழுவும் டிரெட்மில்லில் ஏறி இதயப் பரிசோதனை செய்துகொண்ட 6,213 ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 2002-ல் எழுதினார்கள். உடலின் இயங்கு திறன் ஒரு படி கூடினால், அதாவது ஓய்வில் செலவாகும் ஆற்றலின் ஒரு மடங்கு கூடுதலாகச் செய்ய முடிந்தால், உயிர் பிழைக்கும் வாய்ப்பு 12 விழுக்காடு கூடியது. இருபது ஆண்டு கழித்து 2022-ல் வாஷிங்டனின் பீட்டர் கொக்கினோஸ் தலைமையில் வந்த ஆய்வு இன்னும் பெரியது: 30 முதல் 95 வயது வரை 7,50,302 முன்னாள் படைவீரர்கள், ஆண், பெண், எல்லா இனத்தாரும். மிகக் குறைந்த உடல்தகுதி உள்ளவர்கள் இறக்கும் அபாயம், மிக உயர்ந்த தகுதி உள்ளவர்களைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த ஆய்வில் புகைபிடித்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம் எதுவும் தனியாகத் தகுதியின்மை அளவுக்கு ஆபத்தாக இல்லை. எந்த இனம், எந்த வயது என்று பிரித்துப் பார்த்தாலும் இதேதான்.

இதை நான் என் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மூன்று மாதம் நடந்து, எடை அரை கிலோகூடக் குறையாமல், ஆனால் நான்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றிருந்தால், அந்த மூன்று மாதம் வீண் இல்லை. லண்டன் நடத்துநர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய இடுப்பளவு உள்ளவரையும் படிகள் காப்பாற்றின.

ஆனால் நீங்கள் நேராக 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் இறங்கக்கூடாது. மனத்தில் இருப்பது 22 வயது ஓட்டம், கீழே இருப்பது 86 கிலோ. மேல்நிலைப் பள்ளி முடித்த காலத்திலிருந்து படை நமக்குக் கற்றுத்தந்த ஒரே அளவுகோல் நேரம் என்பதால், நாற்பதைத் தாண்டியவர்களும் முதல் நாளே கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறார்கள். முதல் ஆறு வாரம் வேக நடை மட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். வாரம் ஐந்து நாள், முப்பது நிமிடம். இது 150 நிமிடம், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். ஏழாவது வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெதுவோட்டம், மூன்று நிமிடம் நடை என்று கலக்கலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கு: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, பிறகு தரையில் புஷ்-அப். நம் உடம்புக்குத் தசை குறைவு என்று மேலே சொன்னேனே, இந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள். சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். நேரம் காலை ஏழுக்கு முன், அல்லது இருட்டிய பிறகு. நம் வெயிலையும் ஈரப்பதத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தட்டைப் பொறுத்தவரை எதையும் தடை செய்யச் சொல்ல மாட்டேன். தடை மூன்று வாரம்தான் நிற்கும். தேத்தாரேயை, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆக்குங்கள், ஒரு நாளைக்கு மூன்று குடிப்பவர் என்றால் இந்த ஒன்றே பெரிய வித்தியாசம். இரவுச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரையும் பருப்பும். சாப்பிட இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்டி வேகத்தை விடுவது பலருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. குறி 71 கிலோ வேண்டாம், 80 வையுங்கள். 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, சர்க்கரை எல்லையில் நின்றவர்களுக்குக் கொடுத்த குறி எடையில் 7 விழுக்காடும் வாரம் 150 நிமிட நடையும்தான். அதிலேயே நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. உங்களுக்கு 7 விழுக்காடு என்பது ஆறு கிலோ.

அட்டவணை போனதுதான் வினை என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை மீண்டும் உண்டாக்க ஒரு இடமும் சில ஆட்களும் வேண்டும். தனியாகத் தொடங்கியவர்களில் ஆண்டு முடியும்வரை நின்றவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் தேசிய சேவையாளர்களுக்கான சாஃப்ரா மன்றம் இருக்கலாம், தோ பாயோ, மவுண்ட் ஃபேபர், ஜூரோங், தெம்பனிஸ், ஈசூன், பொங்கோல், சுவா சூ காங் என்று எல்லாத் திசையிலும் இருக்கிறது. இல்லாவிட்டால் சமூக மன்றத்தின் காலை நடைக் குழு. பழைய பிளட்டூன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்குமே, அதில் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் ஒரு இடத்தைக் குறித்துப் போடுங்கள். இருவர் வந்தால் போதும். தொடங்குவதற்கு முன் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 40 தாண்டியவர் என்பதால் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் உங்களுக்கு ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்துவது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுவது, தலை சுற்றுவது என்று ஏதாவது இருந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு முதலில் மருத்துவர்.

கடைசியாக அந்த முழங்கால். படி ஏறும்போது இல்லாமல் இறங்கும்போது மட்டும் குத்துகிறது என்றால், பெரும்பாலும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுவதும் தொடையின் முன்தசை தளர்ந்திருப்பதும்தான். வீங்கியிருந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ, கால் திடீரென்று மடங்கினாலோ அது வேறு, காட்டியாக வேண்டும். அப்படி இல்லையென்றால் இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள்: சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டி வலிக்காத ஆழம் வரை மட்டும் சரிந்து, இருபது எண்ணும்வரை நில்லுங்கள். ஐந்து முறை, காலையும் மாலையும். படி ஏறுங்கள், இறங்க மின்தூக்கியை எடுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஆறு கிலோவுக்கு 24 கிலோ, ஒவ்வோர் அடிக்கும். இரண்டு வாரம் கழித்து, இறங்கும்போது எத்தனையாவது படியில் குத்தல் தொடங்குகிறது என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன்.